கடைக்காலை யார் பார்ப்பது? காலனி வீடுகளும் காண்ட்ராக்டர்களும்

பிரதம மந்திரி ஊரகக் குடியிருப்புத் திட்டத்தில் காண்ட்ராக்டருக்கு இடம் கிடையாது. இது நம் கோரிக்கை அல்ல, அந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையிலேயே எழுதப்பட்டிருக்கிற விதி. பயனாளிதான் கட்ட வேண்டும், அல்லது தன் மேற்பார்வையில் ஆள் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு முன்பிருந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்திலும் இதே விதி இருந்தது. அந்தத் திட்டம் 1985இல் தொடங்கியபோது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் ஆகியோருக்காகவே தொடங்கப்பட்டது. இந்த மக்களின் பணத்தில் இடைத்தரகர் கை வைக்கக் கூடாது என்பதுதான் விதியின் நோக்கம்.

நடைமுறை என்ன? எந்தக் காலனிக்கு வேண்டுமானாலும் போய் "உங்க வீட்டை யாரு கட்டுனாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நாங்கதான் கட்டினோம்" என்று சொல்பவர்கள் குறைவு. "காண்ட்ராக்டு விட்டாச்சுங்க" என்பார்கள். யார் விட்டது, எவ்வளவுக்கு விட்டது, எதில் எழுதியது என்று கேட்டால் பதில் இருக்காது. சில வீடுகளில் பாஸ்புக்கே வீட்டில் இல்லை. காண்ட்ராக்டரிடம் இருக்கிறது.

நாங்கள் பணி செய்யும் பகுதி காரவள்ளியும் அதைச் சுற்றியுள்ள கொல்லிமலை அடிவாரக் குடியிருப்புகளும். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால் காரவள்ளியில்தான் மலைப்பாதை தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போக வேண்டும். சுற்றுலா வருபவர்கள் வளைவுகளைப் படமெடுத்துப் போடுகிறார்கள். அந்த வளைவுகளில் செங்கல்லும் சிமெண்டும் ஏற்றிப் போக என்ன செலவாகும் என்பது மேலே வீடு கட்டுகிற மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்குத்தான் தெரியும். அடிவாரத்தில் இருக்கிற காலனி மக்களுக்கு வேறு கவலை. மலையில் பெய்கிற மழை மேலோடு மட்டும் ஓடுவதில்லை, மண்ணுக்குள் இறங்கிச் சரிவை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. மழை நின்று பல நாள் கழித்தும் வீட்டுக்குள் ஓதம் ஏறுவது அதனால்தான்.

இந்த ஓதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சுவர் ஓதம் ஏறுவது சாதிப் பிரச்சினையா என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், சாதிப் பிரச்சினைதான்.

மேடு ஊருக்கு, பள்ளம் சேரிக்கு

முதலில் நிலத்திலிருந்து தொடங்குவோம். சேரிகள் எங்கே இருக்கின்றன என்பதை எந்தக் கட்டடப் பொறியாளரும் முடிவு செய்யவில்லை. ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், சுடுகாட்டுப் பக்கம், ஊர்ச் சாக்கடை வந்து சேரும் பள்ளம் என ஊர் தனக்கு வேண்டாம் என்று தள்ளிய இடங்களே சேரிக்குக் கிடைத்தன. பிறகு அரசு வந்து மனை கொடுத்தது. அதற்கென்றே தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு 31ஆம் எண் சட்டம் இருக்கிறது, ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் கையகப்படுத்தும் சட்டம். சட்டம் இருந்தும் எந்த நிலம் வாங்கப்பட்டது? நல்ல நிலம் வைத்திருந்தவர்கள் வழக்கு போட்டுத் தடுத்தார்கள். எதிர்ப்பு வராத நிலம் எதுவோ அதில் மனை அளந்தார்கள். எதிர்ப்பு வராத நிலம் பெரும்பாலும் தண்ணீர் நிற்கிற நிலம்.

ஆக, ஊர்க்காரர் ஒருவர் மேட்டில் கட்டும் வீட்டைவிட, பள்ளத்தில் கட்டுகிற காலனி வீட்டுக்குத்தான் ஆழமான கடைக்காலும் உயரமான பேஸ்மட்டமும் தேவை. அதாவது, நம் வீட்டுக்குத்தான் கூடுதல் பணம் வேண்டும். கிடைப்பதோ குறைவு.

கணக்கைப் பாருங்கள். ஒன்றிய அரசு 2016இல் நிர்ணயித்த அலகுத் தொகை சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதி மாநிலங்களுக்கும் கடினமான பகுதிகளுக்கும் 1.30 லட்சம். இத்தனை ஆண்டுகளில் சிமெண்டும் கம்பியும் ஏறிய விலைக்கு அந்தத் தொகை ஏறவில்லை. தமிழ்நாடு அரசு தன் பங்காகக் கான்கிரீட் கூரைக்குத் தனித் தொகை சேர்த்து 2.40 லட்சம் வரை கொண்டுவந்தது. குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. வகுத்தால் சதுர அடிக்கு 900 ரூபாய்கூட வராது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம். அதிலும் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாயை எட்டவில்லை. இன்று எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் இதைப்போல இரு மடங்குக்குக் குறைவாகச் சொல்ல மாட்டார்.

இந்தப் பற்றாக்குறையில்தான் காண்ட்ராக்டர் நுழைகிறார். "அரசாங்கப் பணத்திலேயே முடிச்சுத் தர்றேன், நீ ஒண்ணும் போட வேண்டாம்" என்கிறார். கையில் காசில்லாத குடும்பத்துக்கு அந்தச் சொல் போதும். முடிக்கத்தான் செய்கிறார். ஆனால் எதைக் குறைத்து முடிக்கிறார்?

மண்ணுக்குள் போனது யாருக்குத் தெரியும்

கண்ணுக்குத் தெரிவதை அவர் குறைக்க மாட்டார். பூச்சு இருக்கும், வண்ணம் இருக்கும், வாசலில் திட்டத்தின் பெயர்ப்பலகை இருக்கும். தெரியாததில்தான் கை வைப்பார். அதில் முதலாவது கடைக்கால்.

கெட்டி மண் வரும்வரை தோண்ட வேண்டும் என்பது எந்தச் சித்தாளுக்கும் தெரிந்த பாடம். கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் கடைக்கால் நிற்காது. ஒரு பக்கம் இறங்கும், சுவர் குறுக்காக விரியும். தோண்டிய பள்ளத்தில் கான்கிரீட் படுகை போட்டு, கருங்கல் கட்டு எழுப்பி, அதன்மேல் பிளிந்த் பீம் ஓட்ட வேண்டும். பேஸ்மட்டம் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர வேண்டும், தண்ணீர் நிற்கிற இடமென்றால் இன்னும் கூடுதல். பேஸ்மட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓதத் தடுப்புப் படுகை என்று ஒன்று போட வேண்டும். வாட்டர் ப்ரூஃப் பவுடர் கலந்த ஓர் அங்குலக் கனக் கலவை அது. மண்ணிலிருக்கும் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றும், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுகிற மாதிரி. அந்த ஏற்றத்தை வெட்டுவது இந்த ஒரு படுகைதான். செலவு மிகக் குறைவு. ஆனாலும் நாங்கள் பார்த்த ஓதம் ஏறிய வீடுகளில் இது போடப்பட்டதாக எந்தக் குடும்பமும் சொல்லவில்லை. அப்படி ஒன்று உண்டு என்றே அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அரசு பணம் விடுவிப்பது கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடக்குறியீட்டோடு போட்டோ எடுக்க வேண்டும். ஊழலைத் தடுக்கும் தொழில்நுட்பம் என்று இதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் போட்டோ எடுக்கப்படுவது பேஸ்மட்டம் எழும்பிய பிறகு. அப்போது கடைக்கால் மண்ணுக்குள் போய்விட்டது. மூன்றடியா, ஒன்றரை அடியா என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. தோண்டியவர்களுக்குத் தெரியும். தோண்டியது யார்? பெரும்பாலும் அதே காலனியின் ஆண்களும் பெண்களும்தான், நாள் கூலிக்கு. தன் வீட்டுக் கடைக்காலின் ஆழம் போதாது என்று தெரிந்தும், "காண்ட்ராக்டர் சொன்னாருங்க" என்று மண்வெட்டியை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

ஏன் கேட்கவில்லை? இங்கேதான் சாதி வேலை செய்கிறது. காண்ட்ராக்டர் வெளியூர்க்காரர் இல்லை. நிலம் வைத்திருப்பவரின் தம்பி, வட்டிக்கு விடுபவரின் மச்சான், வார்டு உறுப்பினரின் பங்காளி. நாளை அவர் தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். வீடு பெண் பெயரில் இருக்க வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் பெயருக்குரிய அந்தப் பெண் கேள்வி கேட்டால் "கவர்மெண்ட் சும்மா குடுக்கற காசு, உனக்கென்னம்மா வலிக்குது" என்று பதில் வருகிறது. உரிமையை இனாமாகப் பார்க்கிற புத்தி அது. இனாமாக வந்ததைத் தட்டிப் பார்க்கக் கூடாதாம்.

சொன்னபடி அரசுப் பணத்தில் முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. கூரை மட்டத்துக்கு வந்ததும் "பணம் பத்தல, மேல போடு" என்று வேலை நிற்கும். பாதி வீட்டை விட முடியுமா? குழுக் கடன், நகைக் கடன், கடைசியில் செங்கல் சூளை அட்வான்ஸ். கூரை போடுவதற்காகச் சூளையில் குடும்பத்தோடு அடைபடுவது எவ்வளவு கொடுமை! கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். கொத்தடிமைகளுக்கென்று தொடங்கிய வீட்டுத் திட்டம் அதே குடும்பங்களைச் சூளைக்கு அனுப்புகிறது என்றால் யார் வெட்கப்பட வேண்டும்?

சுவர்கள் யார் மீது விழுகின்றன

இதை ஏதோ ஓர் அடிவாரக் கிராமத்தின் புலம்பல் என்று ஒதுக்க வேண்டாம். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர் அருந்ததியர் வீடுகள் மீது விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அது பக்கத்து வசதியான வீட்டின் சுற்றுச்சுவர். சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்று மக்கள் கதறினார்கள். நீதி கேட்டவர்கள் மீது தடியடி நடந்தது, கைது நடந்தது. மழையால் நடந்த விபத்து என்று பேசி முடிக்கப் பார்த்தார்கள். மழை எல்லாச் சுவர் மீதும்தான் பெய்தது.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் கை வைத்தால் பூச்சு உதிர்ந்தது. குடிசை மாற்று வாரியம் ஏழைகளுக்காகக் கட்டிய புத்தம் புதுக் கட்டடம் அது. காணொளி பரவிய பிறகே சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுக்கு வந்தது, பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். காணொளி பரவாத தொகுப்பு வீடுகள் எத்தனை? கூரைக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தொங்க, அதன்கீழே பாய் விரித்துப் படுக்கிறார்கள் குழந்தைகள். கம்பிக்கு அடியில் போதிய கனத்துக்குக் கான்கிரீட் இல்லையென்றால் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும், துரு உப்பும், உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளும். விழுவதற்கு முன் வருடக்கணக்கில் அது எச்சரிக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

விதி காண்ட்ராக்டர் கூடாது என்றாலும், கூலி வேலைக்குப் போகிற குடும்பம் தானே நின்று கட்ட முடியாது. யாரையாவது அமர்த்தித்தான் ஆக வேண்டும். அமர்த்துவது நாம் என்றால் நிபந்தனையும் நம்முடையதாக இருக்க வேண்டும். எங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கேயும் எழுதுகிறோம்.

பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, கையெழுத்திட்ட வெற்றுத் தாள் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

முடிந்தவரை லேபர் காண்ட்ராக்ட் மட்டும் விடுங்கள். பொருளை நீங்கள் வாங்குங்கள், பில் வாங்குங்கள். கம்பியை எடை போட்டுப் பாருங்கள். 12 மீட்டர் நீளமுள்ள 8 எம்.எம். கம்பி சுமார் 4.7 கிலோ இருக்க வேண்டும், 10 எம்.எம். கம்பி சுமார் 7.4 கிலோ. வெகுவாகக் குறைந்தால் கம்பி மெலிந்தது என்று பொருள். சிமெண்டு மூட்டையில் தயாரித்த மாதம் இருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை வாங்காதீர்கள்.

ஒப்பந்தத்தை வெள்ளைத் தாளிலாவது எழுதுங்கள். கடைக்கால் ஆழம், பேஸ்மட்ட உயரம், ஓதத் தடுப்புப் படுகை, பிளிந்த் பீம், கம்பி அளவு, கலவை விகிதம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என எல்லாம் அதில் வர வேண்டும். கூரைக் கான்கிரீட்டுக்கு எம்20 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. கலவையில் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். பத்தில் ஒரு பங்குப் பணத்தை ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு தருவதாக எழுதுங்கள். ஒழுகாத வீடு கட்டுகிறவர் இதற்கு மறுக்க மாட்டார்.

கடைக்கால் தோண்டியதும் மூடுவதற்கு முன் டேப் பிடித்து அளந்து, அளவு தெரிகிற மாதிரி உங்கள் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு குறைந்தது ஏழு நாள், வெயில் காலத்தில் பத்து நாள் தண்ணீர் கட்ட வேண்டும். தண்ணீர் லாரிக்குக் காசில்லை என்று இதை விடுவதுதான் பல கூரைகள் ஒழுகக் காரணம்.

ஏற்கெனவே ஓதம் ஏறிய வீடு என்றால், உள்சுவரில் விலையுயர்ந்த கெமிக்கல் பூசச் சொல்கிறவரை நம்பி உடனே பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மலைச் சரிவிலிருந்தா, கூரையிலிருந்தா, உடைந்த குழாயிலிருந்தா? சரிவிலிருந்து வருகிறது என்றால் வீட்டின் மேட்டுப்பக்கம் ஜல்லி நிரப்பிய வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். வீட்டைச் சுற்றி வெளியே சாய்வாகத் தளம் போட வேண்டும். கூரை என்றால் தண்ணீர் தேக்கிப் பார்த்து, தேங்குகிற இடத்தில் வாட்டம் சரிசெய்ய வேண்டும். தண்ணீருக்கு வழி விட்ட பிறகுதான் பூச்சு. வழி விடாமல் பூசினால் அடுத்த மழையில் பூச்சோடு பணமும் உதிரும்.

ஏமாற்றப்பட்டால் சட்டம் இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து ஒருவரை அமர்த்தி வீடு கட்டினால் அது நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவை. 1993லேயே உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் வீடு கட்டித் தருவதும் சேவையே என்று தீர்ப்பளித்தது. நாமக்கல்லில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே உங்களைக் காப்பாற்றப் போவது அந்த வெள்ளைத் தாளும் பில்லும் போட்டோவும்தான்.

தனி ஆள் மட்டும் விழித்தால் போதாது

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "மக்கள் விழிப்போடு இருக்க வேண்டும்" என்று பேசிவிட்டு நகர்வது நமக்கு உடன்பாடில்லை. காண்ட்ராக்டரை நம்பி வாழ்கிற ஒரு பெண்ணை அவர் முன் டேப் பிடித்து நிற்கச் சொல்வது எளிது. நிற்பதற்குப் பின்னால் ஆள் வேண்டும். எனவே நம் கோரிக்கைகள்:

ஒன்று, கடைக்கால் திறந்திருக்கும்போதே ஒன்றிய அலுவலக ஓவர்சியர் நேரில் அளந்து எழுத வேண்டும். அந்தப் போட்டோ இல்லாமல் பேஸ்மட்டப் பில் போடக் கூடாது.

இரண்டு, ஒவ்வொரு வீட்டின் மதிப்பீடும் வரைபடமும் தமிழில் பயனாளி கையில் தரப்பட வேண்டும். கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். இப்போதைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம்.

மூன்று, தொகையை நிலத்தைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். பள்ளத்தில் மனை கொடுத்த அரசு, பள்ளத்துக்கான கடைக்கால் செலவையும் தர வேண்டும். மலை மேல் உள்ள குடும்பத்துக்கு 70 வளைவுக்கான ஏற்றுக்கூலி தர வேண்டும். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் எதற்கும் காணாது.

நான்கு, சமூகத் தணிக்கை சுவரைத் தட்டிப் பார்ப்பதாக இருக்க வேண்டும், பதிவேட்டைப் புரட்டுவதோடு முடியக் கூடாது. 2001க்கு முந்தைய அரசு வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. அதுவும் மேல்பூச்சு வேலையாக முடிந்துவிடாமல் இந்தத் தணிக்கைக்குள் வர வேண்டும்.

ஐந்து, இந்த வீடுகளைக் கட்டும் வேலை நம் கொத்தனார்கள், சித்தாள்கள் குழுக்களுக்கே கிடைக்க வேண்டும். கர்நாடகம் 2017இலேயே அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 24.1 சதவீதம் ஒதுக்கியது. முதலில் 50 லட்சம் வரை, பின்னர் ஒரு கோடி வரையிலான வேலைகளில். தமிழ்நாட்டிலும் அந்தச் சட்டம் வேண்டும். சமூக நீதி மண் என்று சொல்லிக்கொள்கிற மாநிலத்தில் சித்தாள் எப்போதும் சேரியிலிருந்தும் காண்ட்ராக்டர் எப்போதும் ஊரிலிருந்தும் வருவது ஏன்?

இந்த மாவட்டத்தின் பங்களாக்களுக்கும் கல்லூரிகளுக்கும் கடைக்கால் தோண்டியவர்கள் நம் மக்கள். எந்த மண் எவ்வளவு தாங்கும் என்று கால் வைத்தே சொல்லக்கூடியவர்கள். அவர்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் ஒன்றரை அடி? அடுத்த கிராம சபையில் இந்தக் கேள்வியை முதல் பொருளாக வையுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவோடு போங்கள். கையில் அளவு டேப்போடு போங்கள்.